ஓசன்னாவுக்கு அவித்த கொழுக்கட்டை

கழுதை பிஸ்கட் செய்ய ஆசைப்பட்டேன். நாய் பிஸ்கட் என்று பேர் வாங்கிக்கொண்டது. 2022 குருத்தோலை ஞாயிறு எனக்கு அப்படித்தான் போயிற்று. ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு அது; இயேசு கழுதைமேல் எருசலேமுக்குள் வந்ததை ஓலை பிடித்துக் கொண்டாடுவோம்.

திசையன்விளைப் பக்கம், தேரி மணலும் பனையுமாகக் கிடக்கும் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. சபையின் ஞாயிறு பள்ளியில் நானும் இன்னும் இரண்டு பேரும் பாடம் நடத்துகிறோம். பிள்ளைகள் நாற்பதுக்கு இரண்டு குறைவு. நான் பிறந்தது பாளையங்கோட்டையில், ஊசிக்கோபுரம் என்கிற பெரிய கோயிலின் மணிச்சத்தம் கேட்கிற தூரத்தில். கல்யாணமாகி இங்கே வரும்வரை பனை என்றால் எனக்கு நுங்கும் விசிறியும்தான்.

இணையத்தில் பார்த்தால் மேல்நாட்டு அம்மாக்கள் ஒவ்வொரு திருநாளுக்கும் ஒரு பண்டம் வைத்திருக்கிறார்கள். பெந்தெகொஸ்தேக்கு அக்கினி நாக்கு மாதிரி சிவப்பில் ஏதோ ஒன்று. ஞானிகள் வந்த திருநாளுக்குக் கிரீடம் மாதிரி வளைத்த கேக். குருத்தோலை ஞாயிறுக்குக் கழுதை. படத்தில் எல்லாமே கொள்ளை அழகு. நமக்கும் ஒரு கழுதை ஆகாதா என்று பாளையங்கோட்டை மார்க்கெட்டில் பாத்திரக்கடை கடையாக ஏறி இறங்கினேன். கழுதை அச்சு எவரிடமும் இல்லை, குதிரை அச்சு இருந்தது. காதை மட்டும் மாவால் நீட்டி ஒட்டிவிட்டால் போயிற்று என்பது என் கணக்கு. வெந்தபோது காது இரண்டும் உப்பி, மடிந்து, தொங்கிவிட்டது. "டீச்சர், நாய் சூப்பரா இருக்கு" என்றாள் ஒன்றாம் வகுப்புக்காரி. இயேசு எதன்மேல் ஏறி எருசலேமுக்குப் போனார் என்று அடுத்த வாரம் நான் கேட்கவே இல்லை. என்ன பதில் வரும் என்று தெரியும்.

2023 ஏப்ரல் 2 அன்று வந்த குருத்தோலை ஞாயிறுக்கு இன்னும் புத்திசாலித்தனமாக, அச்சே தேவைப்படாத வடிவமாகச் சிலுவையைப் பிடித்தேன். தேங்காய்த்துருவல் போட்ட பிஸ்கட். பெரிய பிள்ளைகள் இரண்டே கடியில் முடித்துவிட்டார்கள். ஆறு வயசுச் சின்னவள் ஒருத்தி மட்டும் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். வியர்வையில் ஓரம் கரைகிறது, வாயில் வைக்கவில்லை. கிட்டே போனதும் மெதுவாகக் கேட்டாள்: "இயேசப்பாவோட சிலுவைய கடிக்கலாமா டீச்சர்?"

எங்கள் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்போம். அவர் மனைவி ஐயரம்மாவிடம் சொன்னேன். "இராப்போஜனத்துல நாம என்ன செய்யுதோம்?" என்று சிரித்தார்கள். நல்ல பதில்தான், அங்கே அப்பத்தை இயேசுவின் சரீரம் என்று சொல்லித்தானே தின்கிறோம். ஆனால் இராப்போஜனம் வாங்குமுன் நடக்கிற திடப்படுத்தல் ஆக இன்னும் ஏழெட்டு வருஷம் இருக்கிற பிள்ளையிடம் அதை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது? அதோடு, சிலுவை பெரிய வெள்ளிக்கிழமைக்கு, இயேசு அறையப்பட்ட நாளுக்கு உரியது. நான் ஐந்து நாள் முந்திக்கொண்டு அதைக் கொடுத்திருந்தேன். வழி தெரிந்தது அந்த வருஷம் கார்த்திகையில்தான்.

அடுத்த தெரு ஆச்சி வீட்டிலிருந்து கார்த்திகைத் தீபத்தன்று எங்களுக்கு ஓலைக் கொழுக்கட்டை வரும். கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து முந்திரிக்கொத்தும், முதலூரிலிருந்து வாங்கின மஸ்கோத் அல்வாவும் போகும். (இருட்டுக்கடை, வெளிச்சக்கடை என்று அல்வாச் சண்டை போடுகிறவர்கள் ஒருதரம் முதலூர்ப் பக்கமும் வந்து போகலாம். தேங்காய்ப்பால் ஊற்றிக் கிண்டிய அல்வாவின் வழுவழுப்பே வேறு.) அன்றைக்குக் கொழுக்கட்டையைத் தின்றுவிட்டு என் சின்னவள் வெறும் ஓலையைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா, இது நம்ம கோயில்ல குடுப்பாவள்லா, அந்த ஓலைதானே?"

அதே ஓலைதான். மாவைக் கழுதையாக்கவும் சிலுவையாக்கவும் நான் இரண்டு வருஷம் பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தேன். இந்தப் பண்டம் எது மாதிரியும் இல்லை. திருநாளில் எதைக் கையில் பிடிக்கிறார்களோ, அதற்குள்ளேயே வெந்து வருகிறது.

நினைத்தவுடன் செய்துவிட முடியவில்லை. முதல் தடை வீட்டிலேயே. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் என் மாமியார் கறி மீன் தொடமாட்டார்கள், கருப்பட்டி போட்ட காப்பிகூடக் கிடையாது. "பாடு நாளையில பலகாரமா? அதுவும் சின்னப்பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்குத இடத்துல?" என்றார்கள். நான் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி முன்னால் வைத்தேன். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை எண்ணினால் 46 நாள் வருகிறது. நாம் சொல்வது நாற்பது. மிச்சம் ஆறும் ஞாயிற்றுக்கிழமைகள். ஞாயிறு உயிர்த்தெழுந்த நாள் என்பதால் நோன்புக் கணக்கில் சேராது. அத்தை விரல்வைத்து இரண்டு தரம் எண்ணினார்கள். ஐம்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமையும் கருப்பட்டியில்லாமல் காப்பி குடித்த வருத்தம் முகத்தில் தெரிந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. தீர்ப்பு மட்டும் தெளிவாக வந்தது. "சனிக்கிழமை அவி. ஞாயித்துக்கிழமை குடு. சனிக்கிழமை ஒரு பிள்ள வாயில வைக்கப்பிடாது."

இரண்டாவது தடை சபைப் பெரியவர் ஒருவர். "கார்த்திகைப் பண்டத்தக் கோயிலுக்குள்ள கொண்டுவரப் போறியளோ?" ஐயர் கேரளத்தில் கொஞ்ச காலம் இருந்தவர், அவர்தான் கைகொடுத்தார். மலைக்கு அந்தப் பக்கம் சுரியானிக் கிறிஸ்தவர்கள் குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமையே கொழுக்கட்டை செய்கிறார்கள், அந்தச் சனிக்குப் பேரே கொழுக்கட்டைச் சனி என்றார். தேங்காயும் வெல்லமும் உள்ளே வைத்த உருண்டை. அதோடு நிற்பதில்லை. பெரிய வியாழனன்று புளிக்காத மாவில் பெசகா அப்பம் செய்து, ஞாயிறன்று கோயிலில் கொடுத்த ஓலையைக் கிழித்துச் சிலுவையாக அதன்மேல் வைப்பார்கள். வீட்டுக்குப் பெரியவர் ஜெபித்துப் பிட்டு எல்லாருக்கும் கொடுப்பார். செங்கோட்டை தாண்டினால் இப்படி ஒரு வழக்கம் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. பெரியவர் சமாதானமாகவில்லை. பேரப்பிள்ளைகள் இரண்டையும் அனுப்பிவைத்தார், தான் மட்டும் தின்னவில்லை. அது அவர் இஷ்டம்.

2024இல் குருத்தோலை ஞாயிறு மார்ச் 24. இந்தத் திருநாள் எந்த வருஷமும் மார்ச் 15க்கு முன்னால் வராது, ஏப்ரல் 18க்குப் பின்னால் போகாது. எங்கள் ஊரில் அது பதனிக் காலம். விடியற்காலையிலேயே பதனி காய்ச்சுகிற விடிலியில் புகை எழும்பிவிடும். பனையேறுகிற அண்ணாச்சி ஒருவரைத் தேடிக்கொண்டு நான் போனபோது அவர் இறங்கி வந்து, கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அந்தச் சுண்ணாம்பு இல்லையென்றால் வெயில் ஏறுமுன் பதனி புளித்துக் கள்ளாகிவிடும்.

"நாப்பது பிள்ளையளுக்கு ஓலை வேணும் அண்ணாச்சி."

"நாப்பது குருத்தா? என் குடியக் கெடுக்கவா வந்திய டீச்சரம்மா?"

பிறகு அவரே உட்காரவைத்துச் சொன்னார். ஒரு குருத்தை விரித்தால் விரல் விரலாக அறுபதுக்கு மேல் இதழ் வரும், ஒவ்வொன்றையும் இரண்டாக மூன்றாக நறுக்கலாம், மூன்றே குருத்து தாராளம். பெரிய மரத்தில் கைவைக்க வேண்டாம், வடலியில், அதாவது இளம்பனையில் எடுத்தால் போதும். ஒரு வடலியில் ஒன்றுக்கு மேல் தொடக்கூடாது. பிடுங்கக்கூடாது, அறுக்க வேண்டும். "வேற மரம்னா ஒரு கொப்பு போனா மறு கொப்பு தளிர்க்கும். பனைக்கு உச்சியில ஒரே ஒரு கண்ணு. அது செத்தா மரம் செத்துது." கூலி வாங்க மறுத்துவிட்டார். அவிச்சதில் ரெண்டு கொண்டாங்க, போதும் என்றார். நானும் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்த பதனியைக் குடித்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் கோயில் பின்பக்கத்து வேப்பமரத்தடி. மூன்று கிலோ பச்சரிசியை முந்தின நாளே ஊறவைத்து, இடித்துச் சலித்து, மணல் பதத்தில் லேசாக வறுத்து வைத்திருந்தோம். உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பேரைச் சொல்லி எதையெல்லாமோ விற்கிறார்கள், பார்த்துத்தான் வாங்க வேண்டும். உடைத்துப் பார்த்தால் உள்ளே பளபளவென்று சீனிக்கல் மாதிரி மின்னினால் நான் வாங்கமாட்டேன். ஐந்து தேங்காயின் பூ, வறுத்து உடைத்த சிறுபயறு அரைக்கிலோ, சுக்கு, ஏலக்காய், உப்பு ஒரு சிட்டிகை. கருப்பட்டியைக் கரைத்துக் கண்டிப்பாக வடிகட்டுங்கள். எங்கள் பாகில் மணலும், தூசியும், முழுசாக ஒரு ஈயும் கிடந்தன. பாகு கைபொறுக்கிற சூட்டுக்கு ஆறினபிறகுதான் மாவில் ஊற்ற வேண்டும். இதை எழுதுகிற நானே 2025இல் அவசரப்பட்டுக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, மூன்று கிலோ மாவையும் கூழாக்கினேன். அந்த வருஷம் பிள்ளைகள் கரண்டியால் வழித்து ஓலைக்குள் ஊற்றினார்கள். பதம் என்பது பிடித்தால் பிடியில் நிற்க வேண்டும், உதிர்த்தால் உதிரவும் வேண்டும். புட்டுமாவைவிட ஒரு படி ஈரம், அவ்வளவுதான்.

ஒரு சாண் நீளத்துக்கு ஓலையை நறுக்கி, நடுவில் மடிந்த பள்ளத்தில் மாவை அமுக்கி, மேலே இன்னொரு ஓலையைக் கவிழ்த்து, ஓலைக்கீற்றால் இரண்டு இடத்தில் கட்ட வேண்டும். கேட்க எளிது. என் கட்டு பத்தில் ஆறு அவிழ்ந்தது.

பனையேறி அண்ணாச்சியின் பேரன் ஐந்தாம் வகுப்பு. மனப்பாட வசனம் ஒருநாளும் முழுசாக ஒப்பித்ததில்லை. அன்றைக்கு அவன் கைக்கு ஓலை சொன்னபடி கேட்டது. இப்படி ஒரு பிள்ளை மலர்வதைப் பார்த்து ஆசிரியர் மனம் குளிர்வது வழக்கம். எனக்குக் குளிரக் கால்மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. அதற்குள் அவன் ஊர் நாட்டாமை ஆகிவிட்டான். "ஏலே, கோணலா மடிச்சா பிச்சிருவேன்" என்று ஐயர் வீட்டுப் பையன் கையில் ஒன்று போட்டான். பொம்பளப்பிள்ளைகளுக்குக் கட்ட வராது என்று அறிவித்தான். என் சின்னவள் அவனைவிட வேகமாகக் கட்டிக் காண்பித்ததும், அது கட்டே இல்லை என்று அவிழ்த்துப் போட்டான். இரண்டு பேரையும் ஆளுக்கொரு மூலையில் உட்காரவைத்துத்தான் மிச்ச மாவு தீர்ந்தது.

இட்லிக் கொப்பரையில் அடுக்கி மூடிவைத்தால் ஓர் ஈடு வேக இருபத்தைந்து நிமிஷம். நாலு ஈடு. காய்ந்துகிடந்த ஓலைக்கூரை முதல் மழையில் நனைந்தால் ஒரு வாசம் வருமே, அதோடு கருப்பட்டியும் சேர்ந்தால் எப்படி இருக்கும்? முப்பத்தெட்டு பிள்ளைகளும் கொப்பரையைச் சுற்றி நிற்கிறார்கள், அத்தை நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் தொடக்கூடாது. பாடம் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்ததில்லை. ஓட வழியில்லையே.

கேள்வி கேட்டதெல்லாம் அவர்கள்தான். "அந்த ஊர்ல பனை உண்டுமா டீச்சர்? பதனி உண்டுமா?" நான் முந்தின ராத்திரி நாலு சுவிசேஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்திருந்தேன். மத்தேயுவும் மாற்கும் மரக்கிளை என்கிறார்கள். லூக்காவில் ஓலையுமில்லை கிளையுமில்லை, வஸ்திரத்தை விரித்ததுதான். குருத்தோலை என்று சொல்வது யோவான் ஒருவரே. அவர் எழுதின கிரேக்கச் சொல் பேரீச்ச மரத்தைக் குறிக்கும். எருசலேமுக்கு ஏறுமுன் இயேசு கடந்துவந்த எரிகோவுக்கே பேரீச்சமரங்களின் பட்டணம் என்று வேதத்தில் பேர். பேரீச்சை ஓலை தென்னை மாதிரிக் கீற்றுக் கீற்றாக நீளும், நம் பனை மாதிரி விசிறியாக விரியாது. இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். ஞாயிறு பள்ளி நோட்டில் அவர்கள் வரைந்த எருசலேம் முழுக்க விசிறி விசிறியாகப் பனைதான் நிற்கிறது. நான் அழிக்கச் சொல்லவில்லை.

"அவ்வளவு பேரும் குருத்த வெட்டுனா மரம் சாகாதா?" இது அண்ணாச்சி பேரன், மூலையிலிருந்து. யோவான் அதை எழுதவில்லை. தாத்தா சொன்ன ஒற்றைக் கண் கணக்கை அவனையே எல்லாருக்கும் சொல்லச் சொன்னேன். "கழுதையத் திருப்பிக் குடுத்தாவளா?" அவிழ்த்துக் கொண்டுவந்த கதை இருக்கிறது, திரும்பக் கொண்டுபோய்க் கட்டின கதை இல்லை. "ஓசன்னா யாரு?" எங்கள் பக்கம் பெண்களுக்கு ஓசன்னா என்று பேர் வைப்பதுண்டு, ஆகவே இது நியாயமான சந்தேகம். ஆள் பேர் இல்லை, இப்போதே இரட்சியும் என்ற கெஞ்சல், 118ஆம் சங்கீதத்திலிருந்து வந்தது என்றேன். ஆர்ப்பரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த சொல்லுக்குள் ஒரு கெஞ்சல் இருப்பதை நானும் முப்பது வயசுக்கு மேல்தான் கவனித்தேன்.

ராஜா ஏன் குதிரையில் வராமல் கழுதையில் வந்தார் என்று நான் ஒரு கேள்வி வைத்திருந்தேன். குதிரை யுத்தத்துக்கு, கழுதை சமாதானத்துக்கு, சகரியா ஏற்கெனவே எழுதிவைத்திருந்தார் என்றெல்லாம் பதிலும் தயார். அதற்குள் முதல் ஈடு இறங்கிவிட்டது. யார் காதிலும் விழவில்லை.

ஞாயிறு விடியலில் பவனி. வாடாமல் ஈரத்துணியில் சுற்றிவைத்திருந்த ஓலைகளை எல்லாரும் பிடித்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தோம். அன்றைக்குப் பிள்ளைகளின் ஓசன்னாவில் இருந்த அவசரம் எதற்கானது என்று எனக்குத் தெரியும். ஆராதனை முடிந்து ஆளுக்கு இரண்டு கொடுத்தோம். பிரித்த ஓலையை ஒருவரும் கீழே போடவில்லை. கட்டை அவிழ்த்து, நக்கி, அதிலேயே சிலுவை மடிக்க ஆரம்பித்தார்கள். யார் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. ரோமன் கத்தோலிக்க வீடுகளில் இந்த ஓலையை அடுத்த வருஷம் வரை வைத்திருந்து, சாம்பல் புதனுக்கு எரித்துச் சாம்பலாக்கக் கோயிலில் கொடுப்பார்கள் என்று சொல்லியிருந்தேன். அதைக் கேட்ட என் மகள், கருப்பட்டி ஊறின தன் சிலுவையைக் காலண்டருக்குப் பின்னால் சொருகிவைத்தாள். செவ்வாய்க்கிழமைக்குள் சுவரில் எறும்பு வரிசை. அத்தைதான் எடுத்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, திரும்பச் சொருகினார்கள்.

அண்ணாச்சிக்கு ரெண்டு என்று பேச்சு, நான் ஏழு கொண்டுபோனேன். ஒன்றைப் பிரித்துத் தின்றுவிட்டு, இன்னொன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கட்டு யாரு போட்டா?" உங்க பேரன்தான் என்றேன். "தளந்திருக்கு" என்றார்.

அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனை முடிந்து, மண்டபத்தில் கஞ்சியும் தேங்காய்த் துவையலும். மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பசியில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பரிமாறிக்கொண்டே போனேன். ஞாயிற்றுக்கிழமை ஓலை பிடித்து வந்த அத்தனை பேரும் இன்றைக்கு எங்கே போனார்கள், ஒருத்தராவது வந்திருக்கலாமே என்று சின்னவள் ஒருத்தி கேட்டாள். போன வருஷம் சிலுவையைக் கடிக்காமல் நின்றாளே, அவள்தான்.

எனக்கு முன்னால் அண்ணாச்சி பேரன் பதில் சொல்லிவிட்டான். "கொழுக்கட்ட தீந்திருக்கும். வீட்டுக்குப் போயிருப்பாவ."

பந்தியில் ஒரு நிமிஷம் சத்தமில்லை. அப்பம் தின்று திருப்தியானதால்தான் என்னைத் தேடுகிறீர்கள் என்று இயேசு ஜனங்களிடம் சொல்வதையும் இதே யோவான்தான் எழுதியிருக்கிறார். அந்த அதிகாரத்தை அவனுக்கு நான் நடத்தினதே இல்லை. கையில் வாளியோடு அப்படியே நின்றேன்.

அவன் தட்டை நீட்டினான். "துவையல் இன்னும் கொஞ்சம் டீச்சர்."